ஏழு குன்றுகளும் உம்மாவின் கால்களும்



இஸ்தான்பூல் நகரைப் பற்றிய பயணக் கட்டுரைகள் பலவற்றை நீங்கள் வாசித்திருப்பீர்கள். நீல ஓடுகள் பதித்த பள்ளிவாசல், வானை அளக்கும் மினாராக்கள், கடல் நடுவே ஊரை இரண்டாக்கி இரு கண்டங்களில் வைத்த இறைவனின் ஏற்பாடு என அவற்றில் எழுதப்பட்டவை யாவும் உண்மையே. ஆனால், எழுதிய பெருமக்கள் எவரும் தம் கால்களைப் பற்றி ஒரு வரியும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. உடன் வந்த முதியவர்களின் கால்களைப் பற்றியோ மூச்சே விடுவதில்லை. அந்தக் குறையை இக்கட்டுரை ஓரளவு நிறைவு செய்யட்டும்.

2024 அக்டோபரில், வல்ல நாயனின் கிருபையால் குடும்பத்தோடு உம்ராக் கடமையை முடித்துக்கொண்டு திரும்பும் வழியில் இஸ்தான்பூலில் இறங்கினோம். மதரஸா ஆசிரியரின் ஊதியத்தில் இது நடக்கக் கூடியதா என்று நீங்கள் எண்ணுவது எனக்குக் கேட்கிறது. துபாயில் பணிபுரியும் என் மைத்துனர் செலவில் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டார். நான், என் துணைவியார், பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள், பத்து வயது மகன், அறுபத்தெட்டு வயதான என் உம்மா ஆகிய ஐவர் சென்றோம். முதல் நாள் மாலையில் போய்ச் சேர்ந்தோம். மூன்றாம் நாள் முற்பகலில் விமானம். ஆக, ஊரைச் சுற்றிப் பார்க்கக் கிடைத்தது ஒரே ஒரு புதன்கிழமை.

கல்லூரியில் வரலாறு படித்தவன் நான். உதுமானியப் பேரரசைப் பற்றித் தேர்வுக்காகப் படித்ததை விட ஆசைக்காகப் படித்ததே அதிகம். ஊரிலிருந்து புறப்படும் முன்பே ஒரு தாளில் பார்க்க வேண்டிய இடங்களை வரிசையாக எழுதி, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். பதினோர் இடங்கள்! ஒரு நாளுக்குப் பதினோர் இடங்கள் என்பது எவ்வளவு என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. வரைபடத்தில் அவை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடந்தன.

உம்மாவிடமும் ஒரு பட்டியல் இருந்தது. அதில் இருந்தது ஒரே ஓர் இடம். மதீனாவிலிருந்து புறப்பட்ட அன்று அவர் என்னிடம், "வாப்பா, நம்ம நாயகம் வந்து இறங்கின வீட்டுக்காரர் அங்கேதானே அடங்கியிருக்கிறார்? அவருக்கு ஒரு ஸலாம் சொல்லணும்" என்றார்.

அபூ அய்யூபுல் அன்ஸாரி (ரலி) அவர்களைத்தான் குறிப்பிட்டார். ஹிஜ்ரத்தின்போது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் ஒட்டகம் மதீனாவில் மண்டியிட்ட இடத்திற்கு அருகில் இருந்தது அவர்களுடைய இல்லம். பெருமானார் கீழ்த்தளத்திலும் அபூ அய்யூப் தம்பதியர் மேல்தளத்திலும் தங்கினர். ஓர் இரவு மேலே தண்ணீர்ப் பானை உடைந்துவிட, நீர் ஒழுகிக் கீழே இருப்பவருக்குத் துன்பம் தந்துவிடுமோ என்றஞ்சித் தங்களிடமிருந்த ஒரே போர்வையால் அதனைத் துடைத்தெடுத்த செய்தியைச் சிறுவயதில் எனக்குச் சொன்னவரே என் உம்மாதான். அந்த நபித்தோழர் முதுமையில் கான்ஸ்டாண்டிநோபிள் முற்றுகைக்குச் சென்ற படையுடன் வந்து, நோயுற்று, நகர மதிலுக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார்கள். 1453-இல் நகரை வென்ற சுல்தான் முஹம்மது அல்-ஃபாத்திஹ் 1458-இல் அவ்விடத்தில் அடக்கத்தலமும் பள்ளிவாசலும் எழுப்பினார். இன்றிருக்கும் பள்ளி, நிலநடுக்கத்தால் பழையது சிதைந்தபின் 1800-இல் மீண்டும் கட்டி முடிக்கப்பட்டது.

அந்த இடம் கோல்டன் ஹார்ன் எனப்படும் கடற்கழியின் ஓரமாக, பழைய நகருக்கு வெளியே, மற்றவற்றிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆகவே, அதனை என் பட்டியலில் பதினோராவதாக எழுதினேன். வரைபடத்தின்படி என் முடிவில் குற்றம் காண இயலாது.

விடியற்காலை ஐந்து மணிக்கே விடுதியிலிருந்து புறப்பட்டோம். விடுதி லாலேலி என்னும் பகுதியில் இருந்தது. அங்கிருந்து சுல்தான் அஹ்மத் பள்ளிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர். அந்நேரத்துக் குளிரில் காலியான தெருவில் நடப்பது இன்பமாகவே இருந்தது. ஸுப்ஹு பாங்கு ஒலிக்கத் தொடங்கியபோது எதிரெதிரே நிற்கும் இரு பள்ளிகளிலிருந்தும் ஒரு வாசகம் இங்கும் மறு வாசகம் அங்குமாக மாறி மாறி வந்ததைக் கேட்டு நாங்கள் நின்றுவிட்டோம். உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த ஒரு நிமிடத்திற்காக எவ்வளவு தூரமும் வரலாம் என்பதில் எனக்கு இப்போதும் ஐயமில்லை.

சுல்தான் அஹ்மத் பள்ளி 1609-இல் தொடங்கி 1616-இல் கட்டி முடிக்கப்பட்டது. சிற்பி சிதஃப்கார் முஹம்மது ஆகா. ஆறு மினாராக்கள். உள்ளே இஸ்னிக் நகரத்து ஓடுகள் மட்டும் இருபதாயிரத்திற்கும் மேல். பல ஆண்டுகள் நடைபெற்ற செப்பனிடும் பணிகள் முடிந்து 2023 ஏப்ரலில்தான் பள்ளி முழுமையாகத் திறக்கப்பட்டது. தொழுகை முடிந்ததும் உம்மா தூணில் சாய்ந்து அமர்ந்து தஸ்பீஹ் எண்ணத் தொடங்கினார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

எதிரில் அயாசோஃபியா. 537-இல் ஜஸ்டினியன் மன்னரால் தேவாலயமாகக் கட்டி முடிக்கப்பட்டு, 1453-இல் பள்ளிவாசலாகி, 1934-இல் எடுக்கப்பட்ட முடிவின்படி அருங்காட்சியகமாகி, 2020 ஜூலையில் மீண்டும் பள்ளிவாசலாகியிருக்கிறது. தரையிலிருந்து ஏறத்தாழ 55 மீட்டர் உயரத்தில் நிற்கும் குவிமாடத்தை நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். ஆயினும் பார்வையை இறக்க மனம் வராது. அல்லாஹ், முஹம்மது என்னும் திருப்பெயர்களும் நாற்பெரும் கலீஃபாக்களின் பெயர்களும் ஹசன், ஹுசைன் (ரலி) ஆகியோரின் பெயர்களும் பொறித்த எட்டு வட்டப் பலகைகள் ஒவ்வொன்றும் ஏழரை மீட்டர் குறுக்களவு கொண்டவை. எழுதியவர் கஸஸ்கர் முஸ்தஃபா இஸ்ஸத் எஃபந்தி. பதினான்காம் நூற்றாண்டில் இந்நகருக்கு வந்த நம் இப்னு பதூதாவால் இக்கட்டடத்தின் வெளிப்புறத்தை மட்டுமே பார்க்க முடிந்தது. உள்ளே செல்வோர் சிலுவையை வணங்கியாக வேண்டும் என்ற அக்காலத்து விதியால் அவர் நுழையவில்லை. அதனை என் மகனுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது அவன் கேட்டான்: "வாப்பா, எப்ப சாப்பிடுவோம்?"

நீங்கள் செல்வதாயின் ஒன்றைக் கருத்தில் கொள்ளுங்கள். தொழ வருவோருக்குக் கீழ்த்தளம், அதற்குக் கட்டணமில்லை. சுற்றுலாவுக்காக வரும் வெளிநாட்டினர் மேல்மாடத்திற்குச் செல்ல 2024 ஜனவரியில் இருபத்தைந்து யூரோ கட்டணம் விதித்தார்கள். நாங்கள் தொழும் வாயிலிலேயே நுழைந்தோம். ஆனால், பின்னர் சென்ற இடங்களில் கட்டணம் கட்டியே ஆகவேண்டியிருந்தது. ஐந்து பேருக்கான தொகையை நம் ரூபாயில் மாற்றிப் பார்த்தால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். இங்கேதான் பயணியின் மனம் கெடத் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். கொடுத்த காசுக்கு முழுவதையும் பார்த்தாக வேண்டும் என்ற பிடிவாதம் வந்துவிடுகிறது. பசித்தவன் உண்பதுபோல் அல்லாமல், விருந்தில் பணம் கட்டியவன் உண்பதுபோல் பார்க்கத் தொடங்கினேன்.

எள் தூவிய வளையமான 'சிமித்' ரொட்டியும், சிறு கண்ணாடிக் குவளையில் பால் சேராத தேநீரும் காலைச் சிற்றுண்டியாயின. பிறகு, 'யெரெபத்தான்' எனப்படும் நிலத்தடி நீர்த்தேக்கம். 336 தூண்கள், அரையிருள், காலடியில் நீர். மிக அழகிய இடம். ஆனால், ஐம்பத்திரண்டு கல்படிகள் இறங்க வேண்டும், ஈரத்தரை வேறு. உம்மா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியிலும் இரு காலையும் வைத்து, குழந்தை இறங்குவதுபோல் இறங்கினார். அவருடைய காலில் இருந்தது புத்தம் புதிய ஷூ. ஊரில் அணியும் தோல் செருப்பு வெளிநாட்டு நடைக்கு ஆகாது என்று நான்தான் வற்புறுத்தி வாங்கித் தந்திருந்தேன். பயணத்துக்குப் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே அணிந்து பழகாத காலணியை, அது எத்துணை விலையுயர்ந்ததாயினும், முதியவர்களுக்கு மாட்டிவிடாதீர்கள். கடையில் பொருந்துவது வேறு; கல் பாவிய தெருவில் ஆறாவது மணி நேரத்தில் பொருந்துவது வேறு.

தோப்காப்பி அரண்மனையில் நுழைந்தபோது மணி பத்தரை. சுல்தான் ஃபாத்திஹ் கட்டத் தொடங்கியது; 1856-இல் டோல்மாபாஹ்சே அரண்மனைக்குக் குடிபெயரும்வரை சுல்தான்கள் வாழ்ந்தது; 1924-இல் அருங்காட்சியகமானது. செவ்வாய்க்கிழமைகளில் மூடியிருக்கும் என்பதால் நாளை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு முற்றங்கள். சமையற்கூடங்களில் சீனப் பீங்கான்கள், கருவூலம், ஆயுதங்கள், கடலை நோக்கிய மாடங்கள். இவற்றுள் புனிதப் பொருள்கள் வைக்கப்பட்ட கூடத்தில்தான் கூட்டம் நெருக்கியடித்தது. பெருமானாருக்கு உரியவை எனப் போற்றிக் காக்கப்படும் போர்வை வைத்த பேழை, வாட்கள், திருமடல் ஆகியவற்றை அங்கே காண்கிறார்கள். ஒரு கண்ணாடி அறைக்குள் ஹாஃபிழ் ஒருவர் அமர்ந்து குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார். உம்மா அந்தக் குரலைக் கேட்டு அப்படியே நின்றார். பதினைந்து நிமிடம் அசையவில்லை. "இங்கேயே கொஞ்சம் இருக்கட்டுமா வாப்பா?" என்றார். உட்கார இடமில்லை; காவலர் நகருமாறு சைகை செய்தார். எனக்கோ அந்தப்புரம் எனப்படும் ஹரம் பகுதிக்கும் சீட்டு வாங்கியிருந்த நினைப்பு. "இன்னும் நிறைய இருக்கிறது உம்மா" என்று கையைப் பிடித்து அழைத்து வந்தேன்.

உழவர் வீட்டில் பிறந்தவர் என் உம்மா. இளம் வயதில் நாள் முழுவதும் வயலில் நின்றவர். அவருக்கு ஏன் இந்த நடை தாங்கவில்லை என்று வியந்தேன். பிறகுதான் புரிந்தது. ஊர் பார்ப்பது நடை அன்று. பத்தடி நடப்பது, நிற்பது, மீண்டும் ஐந்தடி, மீண்டும் நிற்பது. வீசி நடக்கும்போது காலின் தசைகள் இரத்தத்தை மேலே தள்ளுகின்றன. நின்றால் அது காலிலேயே தேங்குகிறது. அதுவும் மண்தரையில் அல்ல, பளிங்கிலும் கருங்கல்லிலும். பாஸ்டன் நகர நுண்கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த கில்மன் என்பவர் 1916-லேயே 'அருங்காட்சியகக் களைப்பு' என்னும் தலைப்பில் படங்களுடன் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். பார்ப்பவர் எத்தனை முறை குனிகிறார், எக்குகிறார், முறுக்கிக்கொள்கிறார் என்பதைப் படம்பிடித்துக் காட்டியவர் அவர். நூறாண்டுகளுக்கு முன்பு ஓர் அமெரிக்கருக்குத் தெரிந்தது, என் உம்மாவின் முகத்தைப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை.

பகலுணவு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சோறும் கொத்துக்கறியும். மோரில் உப்பிட்டதுபோன்ற 'அய்ரான்' உம்மாவுக்குப் பிடித்திருந்தது. உணவு முடிந்ததும் மேசைக்கடியில் ஷூவைக் கழற்றினார். குதிகாலில் பணம் அளவுக்குக் கொப்புளம். மகள் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். மருந்துக்கடையில் ஒட்டுப்பட்டி வாங்கி ஒட்டினோம். "அய்யூப் அன்ஸாரி நாயகம் பக்கத்திலேதானா?" என்று உம்மா கேட்டார். "போகிற வழிதான்" என்றேன்.

போகிற வழி அன்று. நாங்கள் போனது பெரிய கடைவீதி எனப்படும் 'கப்பாலி சார்ஷி'. 1455-ஐ ஒட்டித் தொடங்கப்பட்டு இன்று ஏறத்தாழ நான்காயிரம் கடைகளுடன் ஒரு கூரையின் கீழ் ஓர் ஊரே இருக்கிறது. என் துணைவியார் ஒரு விளக்கின் விலையைக் கேட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். மகன் தொலைந்து ஐந்து நிமிடத்தில் கிடைத்தான். மீண்டும் அங்கே நேரம் செலவிடுவேனா என்றால், மாட்டேன்.

அங்கிருந்து சுலைமானியாவுக்கு ஏற்றம். இந்நகரம் ஏழு குன்றுகளின் மீது அமைந்தது என்று பாடப்புத்தகத்தில் படிப்பது எளிது. மூன்றாம் குன்றின் உச்சியில் 1550-இல் தொடங்கி 1557-இல் சினான் என்னும் ஒப்பற்ற சிற்பி கட்டி முடித்த பள்ளி அது. நேயர்களே, இந்த ஓர் இடத்தைப் பற்றி மட்டும் பக்கம் பக்கமாக எழுத எனக்கு விருப்பம். பள்ளியைச் சுற்றி மதரஸாக்கள், மருத்துவமனை, அன்னதானக் கூடம் என்று ஒரு கல்வி நகரையே சுல்தான் சுலைமான் அமைத்தார். மதரஸாக் கட்டடங்களில் இப்போது உலகப் புகழ்பெற்ற கையெழுத்துப் பிரதிகளின் நூலகம் இயங்குகிறது. விளக்குகளிலிருந்து எழும் கரிப்புகை சுவர்களைக் கறைப்படுத்தாமல் காற்றோட்டத்தால் ஓர் அறைக்குள் சென்று படியுமாறு சினான் அமைத்திருந்தார். அந்தக் கரியிலிருந்து எழுத்தர்களுக்கு மை தயாரித்தார்கள்! பத்து ஓட்டுக் கட்டடத்தில் மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் எனக்கு அங்கே நின்றபோது உடல் சிலிர்த்தது. பள்ளியின் மதில் மூலையில் சினானுடைய எளிய அடக்கத்தலம் இருக்கிறது. அவர் மறைந்தது 1588-இல்.

லுஹரையும் அஸரையும் அங்கே சேர்த்துச் சுருக்கித் தொழுதோம். நாங்கள் ஷாஃபிஈ மத்ஹபினர். பயணத்தில் எங்களுக்கு அந்தச் சலுகை உண்டு. ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றும் அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் நான் இரண்டிரண்டாகத் தொழுவதைச் சற்று வியப்புடன் நோக்கினார். தொழுது முடித்துத் திரும்பிப் பார்த்தபோது பெண்கள் பகுதியின் தடுப்புக்கு அப்பால் உம்மா தெரிந்தார். உட்கார்ந்து தொழுதுகொண்டிருந்தார்.

மக்காவிலும் மதீனாவிலும் பன்னிரண்டு நாட்கள் அவர் ஒரு தொழுகையையும் உட்கார்ந்து தொழவில்லை. அந்த நெரிசலில், அந்தத் தவாஃபில், ஸஃபா மர்வாவின் ஓட்டத்தில் கூடத் தளரவில்லை. இங்கே, என் பட்டியலின் ஏழாவது இடத்தில், உட்கார்ந்துவிட்டார். பார்த்தேன். பார்த்தும், "நல்லது, சற்று ஓய்வு கிடைக்கிறது" என்று எண்ணிக்கொண்டு கரியறை எங்கே என்று காவலரை விசாரிக்கச் சென்றேன். பெற்றோரைப் பேணுதல் என்னும் பாடத்தை ஆண்டுதோறும் இரண்டு வகுப்புகளுக்கு நடத்துகிறவன் நான்.

சுலைமானியாவிலிருந்து எமினோனுத் துறைக்குச் செங்குத்தான இறக்கம். ஏறுவதுதான் கடினம், இறங்குவது எளிது என்பது இளைஞர்களின் கணக்கு. மூட்டுவலி உள்ளவருக்கு இறக்கமே எமன். உடலின் சுமையெல்லாம் மடங்கிய முழங்காலில் வந்து விழுகிறது. உம்மா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினார். "வாப்பா, இன்னும் எவ்வளவு தூரம்?" என்று இருமுறை கேட்டார். "இதோ உம்மா" என்றேன் முதல் முறை. இரண்டாம் முறை, "எத்தனை தடவை சொல்வது, பக்கத்தில்தான்!" என்றேன். அதன்பிறகு அவர் கேட்கவில்லை.

மிளகாய், குங்குமப்பூ மணக்கும் மிஸ்ர் கடைவீதியைக் கடந்து கலாத்தா பாலத்தை அடைந்தபோது மணி ஐந்து. 1994-இல் திறக்கப்பட்ட பாலம். இருபுறமும் தூண்டிலுடன் வரிசையாக மனிதர்கள். பாலத்தின் நுழைவில் ஒரு திண்டில் உம்மா அமர்ந்தார். என் துணைவியாரும் மகளும் அருகில் அமர்ந்தார்கள். அக்கரையில், குன்றின் மேல், கலாத்தா கோபுரம் தெரிந்தது. 1348-இல் ஜெனோவா நாட்டு வணிகர்கள் எழுப்பியது. அந்தக் கோபுரத்திலிருந்து ஹெஸார்ஃபன் அஹ்மத் செலபி என்பவர் சிறகுகளைக் கட்டிக்கொண்டு கடலைக் கடந்து உஸ்குதார் வரை பறந்ததாக எவ்லியா செலபி எழுதியிருக்கும் கதையைச் சொல்லி மகனின் ஆசையைக் கிளப்பியவனும் நான்தான். "நீங்கள் இங்கேயே இருங்கள். நாங்கள் ஓடிப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம்" என்று அவனை இழுத்துக்கொண்டு புறப்பட்டேன். என் துணைவியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு சொல்லவில்லை.

எவ்லியா செலபியைப் பற்றி ஒரு வார்த்தை. 1611-இல் இந்நகரில் பிறந்தவர். பத்துத் தொகுதிகள் கொண்ட 'சியாஹத் நாமா' என்னும் பயண நூலை எழுதியவர். தாம் பயணியான கதையை அவரே சொல்கிறார். ஒரு கனவில், எமினோனுவின் கரையோரம் உள்ள அஹீ செலபி பள்ளிவாசலில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைக் காண்கிறார். 'ஷஃபாஅத்' என்று பரிந்துரையை வேண்ட வாய் திறந்தவர், பதற்றத்தில் நா குழறி 'சியாஹத்' என்று பயணத்தை வேண்டிவிட்டாராம். பெருமானார் புன்னகைத்து இரண்டையும் அருளினார்கள் என்கிறார். எங்கள் மதரஸாவில் அரபு உச்சரிப்புப் பாடம் நடத்தும்போது மாணவர்களைச் சிரிக்க வைக்க இதனைச் சொல்வது என் வழக்கம். அன்று அந்தப் பள்ளிவாசலுக்கு மிக அருகில்தான் என் உம்மாவை உட்கார வைத்துவிட்டு நடந்தேன்.

கோபுரத்தின் அடியில் நீண்ட வரிசை. ஏறிப் பார்த்து, படமெடுத்து, திரும்புவதற்குள் ஒன்றேகால் மணி நேரம் ஓடிவிட்டது. பாலத்திற்கு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. திண்டில் யாரும் இல்லை.

நேயர்களே, அந்நிய நாட்டில், மொழி தெரியாத ஊரில், உட்கார வைத்த இடத்தில் தாய் இல்லாதபோது ஒரு மகனுக்கு நேர்வதை உங்களில் எவரும் அனுபவிக்க வேண்டாம். எங்கள் கைப்பேசிகள் விடுதியில்தான் வேலை செய்தன. பாலத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினேன். மகன் அழத் தொடங்கினான். மஃரிப் பாங்கு ஒலித்தது. ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு, குன்றிலிருந்து குன்றுக்கு. விடியலில் என்னை நிற்க வைத்த அதே பாங்கு இப்போது என் காதில் விழுந்ததே தவிர நெஞ்சில் இறங்கவில்லை. பாங்கு முடிந்த பிறகுதான் புத்தி வந்தது. உம்மா மஃரிப் நேரத்தில் வேறு எங்கே இருப்பார்?

துறையை நோக்கி நிற்கும் 'யெனி ஜாமி', அதாவது புதிய பள்ளி, 1597-இல் தொடங்கி 1660-களில் முடிக்கப்பட்டது. அதன் முற்றத்தில் அவர்களைக் கண்டேன். உம்மா ஒரு சிறு முக்காலியில் அமர்ந்திருந்தார். ஷூ இரண்டும் ஓரத்தில் கிடந்தன. அவருக்கு எதிரில் தரையில், அவரைவிடச் சற்றே இளையவரான ஒரு துருக்கிப் பெண்மணி அமர்ந்து, உம்மாவின் பாதத்தைத் தம் மடியில் வைத்து, எலுமிச்சை மணக்கும் 'கொலோன்யா' என்னும் நறுமண நீரைக் கெண்டைக்காலில் தேய்த்துக்கொண்டிருந்தார். அவ்வூர் வீடுகளில் விருந்தினர் வந்ததும் கையில் ஊற்றித் தருவது அந்த நீர்தான். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. ஆயினும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் "சபுர்" என்றார்; உம்மா "ஆமாம், ஸபுர்" என்றார். அவர் "துஆ" என்றார். உம்மா அவர் தலையில் கைவைத்து துஆச் செய்தார். "முஸாஃபிர்" என்று உம்மா தம் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அந்தச் சகோதரியின் பெயரைக் கேட்டுக்கொள்ளவும் எனக்குத் தோன்றவில்லை.

உம்மா என்னைப் பார்த்து, "கோபுரம் நல்லா இருந்துச்சா வாப்பா?" என்று கேட்டார். அதில் குத்தல் ஏதும் இல்லை. உண்மையிலேயே கேட்டார்.

என் துணைவியார்தான் என்னைச் சற்று ஒதுக்கி அழைத்துச் சென்றார். இருபது ஆண்டு வாழ்வில் அவர் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை, அன்றும் உயர்த்தவில்லை. "மாமி காலையிலிருந்து ஒரே ஓர் இடம்தான் கேட்டாங்க. அது உங்க தாளில் எத்தனையாவது?" என்றார்.

சட்டைப் பையிலிருந்த தாளை நான் எடுக்கவில்லை. மஃரிப் தொழுதுவிட்டு, துறையோரக் கடையில் உம்மாவுக்கு ரப்பர் செருப்பு ஒரு சோடி வாங்கினேன். அடுத்துச் செய்ததை எண்ணும்போதுதான் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. எமினோனுவிலிருந்தே அய்யூப் சுல்தானுக்குக் கடற்கழியின் ஓரமாக டிராம் வண்டி ஓடுகிறது. 2021-இல் தொடங்கப்பட்ட அந்தப் பாதை 2023-இல் எமினோனு வரை நீட்டப்பட்டது. அட்டையைத் தேய்த்து ஏறினோம். உட்கார இடம் கிடைத்தது. அரை மணிக்குள் இறங்கினோம். காலையில் விடுதியை விட்டுக் கிளம்பியதும் டிராமில் ஏறி நேரே அங்கே சென்றிருந்தால், கொப்புளம் இல்லாத காலுடன், நாள் முழுவதும் அவர் அங்கே இருந்திருக்கலாம். நாங்கள் பார்த்து வந்த மீதியை நீங்கள் செல்லும்போது எந்த வரிசையில் வேண்டுமானாலும் பாருங்கள். அல்லது பார்க்காமல் விடுங்கள். உடன் வரும் முதியவர் கேட்ட இடத்தை மட்டும் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

நாங்கள் சென்றபோது அடக்கத்தலத்தின் கதவு அன்றைக்குச் சாத்தப்பட்டுவிட்டது. காவலரிடம் கெஞ்சினேன். அவர் மரியாதையாக மறுத்துவிட்டுச் சுவரைக் காட்டினார். முற்றத்தில் முதிய சினார் மரம் ஒன்று நிற்கிறது. அதற்கு எதிரே ஓடுகள் பதித்த சுவரில் பித்தளைக் கம்பியிட்ட ஒரு சாளரம். பெண்கள் சிலர் அங்கே கையேந்தி நின்றார்கள். அல்லாஹ்விடமே கேட்க வேண்டும், அடக்கத்தலத்தில் அன்று என்னும் பாடத்தையும் நான் நடத்துபவன்தான். உம்மா எதுவும் கேட்கவில்லை. கம்பியைத் தொடவும் இல்லை. ரப்பர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலுடன் குளிர்ந்த கல்லில் நின்று, ஸலாம் சொன்னார். பிறகு தமிழில், அடுத்த வீட்டுப் பெரியவரிடம் பேசுவதுபோல், "நேற்று முந்தாநாள் மதீனாவிலதான் இருந்தோம். நீங்க இடம் கொடுத்த நாயகத்துக்கு ஸலாம் சொல்லிட்டு நேரா உங்ககிட்டே வர்றோம்" என்றார்.

நேராக வரவில்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

இஷாவைப் பள்ளியில் தொழுதோம். உம்மா நின்று தொழுதார். நான் திரும்பிப் பார்க்கவில்லை, மகள்தான் பின்னர் சொன்னாள். அவளுடைய கைப்பேசி அன்று 23,000 காலடிகள் என்று காட்டியது. உம்மாவின் காலடி சிறியது. அவருக்கு இன்னும் சில ஆயிரம் கூடுதலாக இருக்கும்.

திரும்பும்போது டிராமில் நல்ல கூட்டம். கல்லூரி மாணவர் போன்ற ஒருவர் உம்மாவைக் கண்டதும் எழுந்து இடம் தந்தார். உம்மா அமர்ந்து கண்களை மூடிக்கொண்டார். மகன் அவர் மடியில் தலைசாய்த்து உறங்கிவிட்டான். நான் அந்தப் புது ஷூக்களைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டு வந்தேன்.